தாளில் சுற்றிய தகடுகள்

ஆலங்கிணறு சந்தனமாரியம்மன் கோயிலில், பெண்களுக்கு மார்பில் கட்டி வந்தால் கண் வாங்கிப் போடுவார்கள். கால் வலிக்குக் கால், கை முறிந்தால் கை, பிள்ளை இல்லாவிட்டால் தொட்டில், பாதியில் நின்ற வீட்டுக்கு வீடு என்று, வெள்ளித் தகட்டில் அடித்த உருவங்கள் கோயில் வாசல் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும். வேண்டிக்கொண்டவர்கள் அதை வாங்கி, பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, அம்மன் சந்நிதிக்கு எதிரே இருக்கிற இரும்புக் கம்பிவலையில் மஞ்சள் நூலால் கட்டிவிட்டுப் போவார்கள். தகடு அடிக்கிற அச்சுகள் மொத்தம் முப்பத்துநாலு. அதில் நாய்க்கு அச்சு உண்டு, தேளுக்கு அச்சு உண்டு, பால் வற்றிப்போன பசுவுக்காக மடிக்குக்கூட ஓர் அச்சு உண்டு. பெண்ணின் மார்புக்கு மட்டும் இல்லை. முழுப் பெண் உருவம் என்று ஒன்று இருந்தது, அதுவும் ஆண் உருவத்தின் தலையில் ஒரு கொண்டையை ஒட்டவைத்ததுதான்.

ஆகவே கட்டி வந்தவள் கடைக்கு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "ஒரு கண்ணு குடுங்க" என்பாள். கம்பிவலையில் கட்டும்போது மனசுக்குள், "ஆத்தா, கட்டுறது கண்ணு, கேக்குறது வேற, எங்கன்னு ஒனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொள்வாள். எனக்கு அடுத்த கடையில் பூக்கட்டிய பிச்சம்மாள் மூன்று ஆடிக்கு மூன்று ஜோடிக் கண் கட்டினாள். ஐம்பத்தோரு வயதில், கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிற பார்வையோடு, மார்புக் கட்டி புரையோடிச் செத்துப்போனாள். நான் அந்தத் தெருவில் எலுமிச்சம்பழமும் உப்பும் மிளகும் விற்கிறவள், இது எல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

அந்த மூன்று ஜோடிக் கண்ணையும் அடித்துக் கொடுத்தவள் வடிவு. கட்டிக்கொண்டவன் இன்னொருத்தியோடு கேரளாப் பக்கம் போனபோது அச்சுகளையும் சுத்தியலையும் விட்டுவிட்டுப் போனான். மகளை வளர்த்துக் கட்டிக்கொடுக்கிற வரைக்கும் அவை அவளுக்குச் சோறு போட்டன. வெண்கல அச்சின்மேல் தகட்டை வைத்து, அதன்மேல் ஈயக்கட்டியை வைத்து, சுத்தியலால் ஓங்கி ஒரே அடி, அவ்வளவுதான் வேலை. அவள் கோபக்காரி, ஆனால் கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டாள், அடி மட்டும் பலமாக விழும். பிச்சம்மாளின் பதினாறாம் நாள் முடிந்ததும் கடையை மூன்று நாள் சாத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து முப்பத்தைந்தாவது அச்சை வெட்டினாள்.

எதைப் பார்த்து வெட்டுவது? கோயிலில் பெண் உருவத்துக்குப் பஞ்சமில்லை. கல்யாண மண்டபத்துத் தூண்களில் நாற்பத்தெட்டுப் பேர் இடுப்பை ஒடித்துக்கொண்டு நிற்கிறார்கள், எல்லாருக்கும் இரண்டு செம்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரே அளவு, ஒரே உருண்டை. முந்நூறு வருஷமாகப் போகிற வருகிற ஆண்களின் கை பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் எண்ணெய் தேய்த்ததுபோல் பளபளக்கும். அதை யாரும் ஆபாசம் என்று சொன்னதில்லை, சிற்பக்கலை என்று சொன்னார்கள். வடிவு அந்தத் தூண்களின் பக்கமே போகவில்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டு, சுவரிலிருந்த ரசம் போன கண்ணாடியைக் கழற்றி மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, பெற்று வளர்த்து நாற்பத்துமூன்று வயதான தன் உடம்பையே பார்த்து வெட்டினாள்.

முதல் தகட்டை வாங்கியவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா முத்துக்கிளி. ஆடி இரண்டாம் செவ்வாய் உச்சிப் பொழுதில் கட்டினாள். சாயங்கால பூசைக்கு மணி அடிக்கிறபோது கம்பிவலையில் இருந்தது வெள்ளித் தகடு இல்லை, முத்துக்கிளியின் மார்பு. அவளுடைய மாநிறம், சரிவு, பிள்ளை பெற்ற வரிகள், கொதிக்கிற சாம்பார் தெறித்த பழைய வடு, எல்லாம் இருந்தன. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. உற்றுப் பார்த்தால் மூச்சுக்கு ஏற்ப மெல்ல ஏறி இறங்கியது. பூசாரி சங்கரபாண்டி பார்த்தார், கொஞ்சம் யோசித்தார், மற்றத் தகடுகளுக்கு வைப்பதைப்போலவே அதற்கும் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார். எங்கள் ஊர்க்காரர்கள் அதிசயத்தை ரொம்ப நேரம் நின்று பார்க்க மாட்டார்கள், கடைசி பஸ் போய்விடும்.

அடுத்த செவ்வாய்க்குப் பதினாலு, அதற்கு அடுத்த வாரம் முப்பது, கார்த்திகை பிறக்கிறபோது நூற்று அறுபது என்று கம்பிவலை நிறைந்தது. வெயில் நேரத்தில் அவற்றுக்கு வியர்த்தது என்பதால் கோயில் பெருக்குகிற செல்லக்கனி வாளித் தண்ணீரை வேப்பங்கொத்தில் தொட்டுத் தெளித்தாள். மார்கழிக் காலையில் புல்லரித்து நின்றன என்பதால் யாரோ ஒரு சாக்குப் படுதாவைக் கட்டி வாடைக்காற்றை மறைத்தார்கள். பிள்ளை பெற்ற புதிதில் கட்டியவர்களின் தகட்டில் குழந்தை அழுகிற நேரத்துக்குப் பால் சொட்டியது என்பதால் கீழே ஒரு கிண்ணம் வைத்தார்கள், அதைக் கோயில் பூனை குடித்தது. இப்படி அது எங்களுக்கு வழக்கமாகிப்போனது.

அந்தக் கம்பிவலை முன்னால் நாங்கள் நின்ற நிற்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கும்பிட வந்ததுபோல் கையைக் கூப்பிக்கொண்டு, ஒருத்தியும் அம்மனைப் பார்க்கவில்லை, ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். ஒன்று பெரிது ஒன்று சின்னது, ஒன்று வடக்கே ஒன்று தெற்கே, பப்பாளிக்காய் போல, காற்றுப்போன பை போல, ஒட்டிப்போன சோளத்தட்டை போல, காம்பு உள்ளே போனது, முடி முளைத்தது, இரண்டுக்கு ஒன்றே இருந்தது என்று எத்தனை விதம். எண்பது வயது சிவனம்மாள் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "அடப் பாவியளா, எல்லாருக்கும் இப்பிடித்தானா! எனக்கு மட்டுந்தான் கோளாறுன்னு அறுவது வருசமா வெளக்க அணைச்சிட்டுல்லா படுத்தேன்" என்று சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் அழுதாள். நாங்களும் அழுதோம். எங்களுக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் தூணிலும் சினிமா போஸ்டரிலும் இருந்தவை. எங்களுடையது எதுவும் எங்கேயும் செதுக்கப்பட்டதில்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டர் ஜெபசீலி, ஒரு நோயாளி சொன்னதைக் கேட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தவர், பிறகு செவ்வாய்தோறும் வரத் தொடங்கினார். கழுத்தில் சிலுவை போட்ட வேதக்கார அம்மா அம்மன் கோயிலுக்குள் வரலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக விரலால் சுற்றி அமுக்கிப் பார்ப்பார், சிலவற்றில் நிற்பார், நூலோடு சீட்டில் எழுதிக் கட்டியிருக்கிற பெயரைப் படிப்பார். "இசக்கித்தாய் யாரு? நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. நாளைக்கே." ஆஸ்பத்திரியில் ஜாக்கெட்டை அவிழ்க்கச் சொன்னால் எழுந்து ஓடிவிடுகிற பெண்கள் இங்கே பத்து மைல் நடந்துவந்து கட்டினார்கள், ஏனென்றால் இது தகடுதானே. அந்த வருஷம் பதினொரு பேரை அறுவைக்கு அனுப்பினார். ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள், தங்கள் தகட்டைப் பார்க்கப் போனார்கள்; அதிலும் தையல் போட்டிருந்தது.

ஆண்களும் பார்க்க வந்தார்கள், அதுதான் வினை. கோயில் வாசல் எந்தத் திசை என்று தெரியாதவர்களெல்லாம் செவ்வாய் விரதம் இருந்தார்கள். செல்போனில் படம் பிடித்தார்கள். டீக்கடையில் எது யாருடையது என்று பந்தயம் வைத்தார்கள். ஒருவன் தன் அண்ணன் மனைவியின் பெயரைச் சொல்லிச் சிரித்து, அண்ணனிடம் அடி வாங்கினான். சித்திரையில் ஊர்க்கூட்டம் கூடியது. கம்பிவலையையே பிடுங்க வேண்டும் என்றார்கள், வடிவின் அச்சை உருக்க வேண்டும் என்றார்கள், நேர்ந்து கட்டினதைப் பிடுங்கினால் அம்மன் கோவித்துக்கொள்வாள் என்று பூசாரி சொன்னார். அப்போதுதான் கோயில் அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஆவுடையப்பன் எழுந்தான்.

ஆவுடையப்பன் வடிவின் கூடப்பிறந்த தங்கை கோமுவின் புருஷன். குரல் உயர்த்திப் பேசாதவன், பீடி சிகரெட் கிடையாது, பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தான் என்று எதிரியும் சொல்ல மாட்டான். "அம்மனுக்குப் பொம்பளையாள்க செய்யுறத நாம தடுக்கப்படாது," என்றான். "மருந்துக்கடையில அந்தச் சாமானெல்லாம் எப்பிடிக் குடுக்காங்க? பேப்பர்ல சுத்தித்தானே. அது மாதிரி சுத்திக் கட்டட்டும். அம்மனுக்குப் பேப்பர் ஒரு மறைப்பா? அவளுக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாம்." எல்லாரும் தலையாட்டினார்கள். மறைத்து என்ன, எனக்கும் பெரிய பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது. என்னுடையதும் அந்த வலையில் இருந்தது. மறுநாளே செயல் அலுவலர் கையெழுத்தோடு பலகை மாட்டிவிட்டார்கள். ஏற்கெனவே தொங்கியவற்றையும் செல்லக்கனி ஒவ்வொன்றாகச் சுற்றிக் கட்டினாள்.

செவ்வாய்க்கிழமை வந்த டாக்டரம்மா பொட்டலங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார். ஒன்றைப் பிரிக்கக் கை வைத்தபோது காவலாளி, "கும்பிட வந்தா கும்பிட்டுட்டுப் போங்கம்மா, பிரிக்கக் கூடாதுன்னு போர்டு போட்டுருக்கு" என்றான். அவர் நான்கு செவ்வாய் வந்தார். பேப்பருக்கு மேலேயே விரலை வைத்து அமுக்கிப் பார்த்தார். தாளின் சரசரப்பில் ஒன்றும் பிடிபடவில்லை. ஐந்தாம் செவ்வாய் வரவில்லை.

வடிவும் சுற்றித்தான் கொடுத்தாள். சுற்றாவிட்டால் அச்சைப் பறித்துக்கொள்வார்கள், அப்புறம் பழையபடி எல்லாரும் கண் வாங்கப் போவார்கள், ஒன்றுமில்லாததற்கு இதுவாவது இருக்கட்டும் என்றாள். அவளுடைய கடையில் பழைய பேப்பர் கட்டு ஒன்று வந்து உட்கார்ந்தது.

ஆவணியில் ஒரு மத்தியானம் கோமு அக்காள் கடைக்கு வந்தாள். கோமுவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இடது கையைத் தூக்காமல் ஒரு மாதிரி உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, ஒரு தகடு குடு."

"யாருக்கு?"

"பக்கத்து வீட்டு மைனிக்கு."

வடிவு சுத்தியலைக் கீழே வைத்தாள். "ஏட்டி, எங்கிட்டயே பொய் சொல்லுதியா? காட்டு."

"போக்கா. வெக்கமா இருக்கு."

"நானும் நீயும் ஒரே குண்டாவுல குளிச்சவளுகட்டி."

"அது சின்னப்பிள்ளையில. இப்ப அவுகளே பாத்ததில்ல, ஒனக்குக் காட்டணுமாக்கும்." கோமு சிரித்தாள். கட்டி சின்னதுதான், நெல்லிக்காய் அளவு, வலிகூட இல்லை, அம்மனுக்குக் கட்டினால் கரைந்துவிடும் என்றாள்.

"அப்பம் பேப்பர் இல்லாமத் தொறந்து கட்டு. டாக்டரம்மாவ நான் போய்க் கூட்டியாரேன். வந்து பாக்கட்டும்."

"அவுக போட்ட ரூலுக்கா அது. அவுக பொண்டாட்டியே அதத் தொறந்து கட்டினா, நாளைக்கு ஆபீசுல அவுக மூஞ்சிய எங்க வச்சிக்கிடுவாக? நல்ல மனுசன். என்னால அவுகளுக்கு ஒரு சொல்லு வரப்படாது."

"ஆஸ்பத்திரிக்காவது போ."

"கொலு கழியட்டும்."

வடிவு அடித்தாள். அன்றைக்கு விழுந்த அடியின் சத்தம் என் கடைக்குக் கேட்டது. அடித்து முடித்து, கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, நான்கு மூலையும் உள்ளே மடித்து, பிரியாதபடி மஞ்சள் நூலைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு இறுக்கி, தன் கையாலேயே முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். நல்ல முடிச்சு. அவள் எதைச் செய்தாலும் நறுவிசாகச் செய்வாள்.

கொலு கழிந்தது, தீபாவளி வந்தது. தீபாவளி கழிந்தது, சின்னவனுக்கு அரைப் பரீட்சை வந்தது. ஒவ்வொரு செவ்வாயும் கோமு வந்து தன் பொட்டலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். தை பிறந்து, ரவிக்கையில் நீர் கசிந்த பிறகுதான் வடிவு அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஜெபசீலி பார்த்துவிட்டு வெகுநேரம் கையைக் கழுவினார். "ஆறு மாசம் முன்னாடி நான் பாத்திருந்தா, வடிவு," என்றார். பங்குனி நாலாம் தேதி விடியற்காலை கோமு போய்விட்டாள்.

நீர்மாலை எடுத்து வந்து அவளைக் குளிப்பாட்டும்போது, சுற்றிலும் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆறு பேரில் நானும் ஒருத்தி. வழக்கப்படி நாங்கள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்பிக்கொள்ளவில்லை. வடிவு அழாமல், மஞ்சளை நிதானமாகத் தேய்த்து, எல்லா இடத்துக்கும் தேய்த்துக் குளிப்பாட்டினாள். ஆவுடையப்பன் வாசலில் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்கிறதே என்ற எண்ணமில்லாமல், வாய்விட்டுக் கதறினான். அவனுக்கு அவள்மேல் உயிர்.

பதினாறாம் நாள் கழிந்த மறுநாள் காலை அவன் கோயிலுக்கு வந்தான். சித்திரைக் கொடைவிழாவுக்காக வெள்ளையடிக்க வேண்டுமென்று கம்பிவலையிலிருந்த பொட்டலங்களை எல்லாம் அறுத்து மூன்று பனையோலைக் கடவத்தில் போட்டுவைத்திருந்தார்கள். மொட்டைத் தலையோடு அவன் கடவங்களின் முன்னால் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து வடிவு கடையிலிருந்து எழுந்து போனாள். நாங்கள் நாலைந்து பேர் பின்னாலேயே போனோம்.

"கோமு கட்டினத மட்டும் எடுத்துக்கிடுதேன் மதினி," என்றான். "வீட்டுல வச்சிக்கிடுதேன். வேற ஒண்ணும் அவளோடது எங்கிட்ட இல்ல."

எந்தப் பொட்டலத்திலும் பெயர் இல்லை. எண்ணெயும் குங்குமமும் தண்ணீரும் பட்டுச் சீட்டுகளில் எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. பிரித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. தடுக்க வந்த காவலாளி, ரூல் போட்டவனே நிற்பதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். வடிவு உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். நாங்களும் உட்கார்ந்து அவிழ்த்தோம். மண்டபத்துக் கல்தளத்தில், காலை வெயில் நேராக விழுகிற இடத்தில், வரிசை வரிசையாக வைத்துக்கொண்டே போனோம். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. செத்தவர்களுடையதும் இருப்பவர்களுடையதும் ஒரே வெதுவெதுப்பாகத்தான் இருந்தன. பேப்பரின் மை சிலவற்றில் பதிந்து, தோலில் தலைகீழ் எழுத்தாகச் செய்தி ஓடியது. சிலவற்றைத் தொட்டதுமே கட்டி தட்டி விரல் நின்றது. அவற்றில் பார்த்தாலே யாருடையது என்று எங்களுக்கு அடையாளம் தெரிந்த வீடுகளுக்குச் சொல்லச் செல்லக்கனி ஓடினாள்.

கோமுவுடையது எனக்குத் தெரிந்துவிட்டது. சேலை பிடித்த ஆறு பேருக்கும் தெரிந்திருக்கும். மூன்றாவது வரிசையில் இருந்தது. கட்டி அவள் சொன்ன நெல்லிக்காய் இல்லை, எலுமிச்சை அளவில், பார்த்தாலே தெரிகிறாற்போல் தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதைச் சுற்றியிருந்த பேப்பரை வடிவு நீவி மடியில் வைத்துக்கொண்டாள். ஆவணி மாதத்துப் பேப்பர்.

"பாத்து எடுத்துக்கிடுங்க மாப்ள," என்றாள்.

ஆவுடையப்பன் செருப்பில்லாத காலோடு வரிசைகளுக்கு நடுவே நடந்தான். முதலில் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, வேகமாக, யாருடைய வீட்டுக்குள்ளோ தெரியாமல் நுழைந்துவிட்டவனைப்போல நடந்தான். கடைசி வரை போய்த் திரும்பினான். இரண்டாம் முறை மெதுவாக வந்தான், குனிந்து குனிந்து பார்த்தான், கோமுவுடையதைத் தாண்டிப் போனான். மூன்றாம் முறையும் வந்தான். வெயில் ஏறி எல்லாவற்றின்மேலும் வியர்வை துளிர்த்திருந்தது. மூன்றாவது வரிசையின் நடுவில் நின்றான், அவன் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளிக் கோமு மேலும் கீழுமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், அவன் அவளுக்கு அந்தப் பக்கம் இருந்ததையும் இந்தப் பக்கம் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தான்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினான். பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தி, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனானவன், பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்துவிட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "இதுல எது மதினி?" என்று கேட்டான்.